ஏழாவது வரிசைக்காகத் தேங்காய்ப்பட்டணம் வரை

கண் விழித்தபோது பஸ் நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு துணி மூட்டை. நான் ஏறியபோது பாதி காலியாக இருந்த பஸ் இது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் போய்த் தென்னை வந்திருந்தது. காற்றில் உப்பு இருந்தது.

"கருங்கல் வந்திட்டுதோ?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"கருங்கலா? அது தாண்டி எவ்வளவு நேரமாச்சு! இது மண்டக்காட்டு ஸ்பெஷலாக்கும். ஏறும்போ சொல்லப்பிடாதா?"

"சொன்னனான். நீங்கள்தானே தலையாட்டினீங்கள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேரளமா?"

யாழ்ப்பாணம் என்றேன். அவர் நம்பவில்லை. தமிழ்நாட்டில் எங்கே வாயைத் திறந்தாலும் என்னை மலையாளி என்பார்கள். இங்கே, மலையாளம் கலந்து பாட்டுப் போலப் பேசுகிறவர்களே அப்படிக் கேட்டது வேடிக்கையாக இருந்தது. சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஒரு கட்டுரையை அனுப்ப இருந்த எட்டு நாள் தவணையில் ஒரு நாள் ஏற்கெனவே கரைந்திருந்தது.

நான் தேடி வந்தவர் பெயர் கிளீட்டஸ். கருங்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர். எனக்கு நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. கணினி செய்கிற வேலையை இன்னும் வேகமாக, ஆனால் ஒரு துளி பிசகாமல் செய்ய வழி தேடுவதுதான் எங்கள் இருவரின் ஆராய்ச்சியும். ஒரு குளிர்காலம் அவர் இரண்டு மாதம் எங்கள் துறைக்கு வந்திருந்தார். அப்போது தொடங்கிய ஒரு கணக்கை இரண்டு வருடம் மின்னஞ்சலிலேயே வளர்த்துக் கட்டுரையாக்கி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். இறுதிப் பிரதியை அனுப்ப நாள் குறித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கிளீட்டஸ் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். பதினேழு நாள். தொலைபேசியும் எடுக்கவில்லை.

அந்தப் பதினேழு நாளில்தான் நான் பிழையைக் கண்டுபிடித்தேன்.

மண்டைக்காட்டில் இறங்கியபோது திரும்பும் பஸ் எல்லாம் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. அம்மன் கோவிலின் மாசிக் கொடைத் திருவிழாக் கூட்டம். கோவிலைச் சுற்றியும் கடற்கரையிலும் பொங்கல் பானைகள். புகை கண்ணைக் கரித்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு மணலில் நடக்க முடியாமல் ஒரு பந்தலின் ஓரத்தில் நின்றேன். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் அங்கே இருந்தாள். அவித்த மாவு உருண்டை ஒன்றைக் கையில் தந்தாள். தலை வடிவம். மண்டையப்பம் என்றாள்.

"தலவேதனைக்கு நேர்ந்ததாக்கும். எனக்க மவளுக்கு. தின்னுங்க, உங்களுக்கும் நல்லதுதான். மொகத்தப் பாத்தாத் தெரியுதுல்லா."

வெல்லமும் ஏலமும் பயறும். பசியில் அது மிக நன்றாக இருந்தது. எனக்கும் தலைவலிதான் என்றேன். என்ன காரணம் என்று கேட்டாள். ஒரு கணக்குப் பிழைத்துவிட்டது என்றேன். "அதெல்லாம் அம்மைக்குத் தெரியும்" என்று சொல்லி இன்னொரு உருண்டை தந்தாள். நான்கு பஸ்ஸை விட்டு ஐந்தாவதில் நின்றபடி கருங்கல் போய்ச் சேர்ந்து, கிடைத்த அறையில் பெட்டியைப் போட்டேன்.

மறுநாள் காலை சாயா குடிக்கக் கருங்கல் சந்தியில் நின்றபோது, எதிரே கிளீட்டஸ் நின்றார். ஆளை விட இரண்டு மடங்கு உயரத்தில், ஃபிளெக்ஸில். யாருடைய கோட் சூட்டையோ கணினியில் அவருக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். "உலகின் அதிவேகக் கணக்கைக் கண்டுபிடித்த எங்கள் கடலோர மண்ணின் மைந்தனே!" கீழே சின்னதாக, "உடன் உழைத்த நார்வே பேராசிரியர் மைதிலி" என்று என் பெயர். அதன் மேல் ஒரு படம். பொன்னிற முடி, நீலக் கண், யாரோ ஒரு வெள்ளைக்காரி.

சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடினேன். அலுவலகத்தில் இருந்தவர், "சார் லீவாக்கும். ரெண்டாழ்ச்சைக்கு மேல ஆச்சு. பிரின்சிபாலே தேடிட்டு இருக்காரு" என்றார். ஆழ்ச்சை என்றால் வாரம். வீடு எங்கே என்று கேட்டேன். தேங்காய்ப்பட்டணம், அங்கே போய் ஸ்டெல்லாவின் தம்பி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றார்.

போகிற வழியில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

ஒரு சதுர அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள், பெருக்கல் வாய்ப்பாடு போல. நெட்டாக ஏழு குறி, குறுக்காக ஏழு குறி. எந்தக் குறி எந்தக் குறியைச் சந்தித்தால் என்ன குறி பிறக்கும் என்று நாற்பத்தொன்பது கட்டங்களிலும் எழுதியிருக்கும். இனி ஒற்றைக் குறிகள் அல்ல, எட்டெட்டுக் குறிகள் கோத்த சரங்கள் சந்திக்கின்றன. எல்லாச் சரங்களும் எல்லாச் சரங்களோடும் சந்தித்தால் எந்தச் சரம் எவ்வளவு பிறக்கும்? இதைத் துல்லியமாகச் சொல்லவேண்டும். இதற்குப் பொதுவான கன்வல்யூஷன் என்று பெயர். மூர்க்கமாகச் செய்தால் ஒவ்வோர் இடத்துக்கும் நாற்பத்தொன்பது வேலை. எட்டு இடத்துக்கு அதை எட்டுத் தடவை பெருக்கவேண்டும். கணினி மூச்சு முட்டிவிடும்.

எங்கள் வழி, அட்டவணையை நாலு நாலு கட்டமாக வெட்டுவது. நாங்கள் எடுத்துக்கொண்ட வகை அட்டவணைகளில் ஒவ்வொரு நாலு கட்டத்திலும் ஒரு குறி இரண்டு தடவை வரும். அப்படி வந்தால் அந்தத் துண்டைக் கடிகாரம் சுற்றுவது போலச் சுற்றி, நாலு வேலையை மூன்றில் முடிக்கலாம். ஆகக் கட்டத்துக்கு முக்கால் பங்கு வேலை. கேட்க அற்பம். ஆனால் எட்டு இடத்துக்கு முக்காலை எட்டுத் தடவை பெருக்கினால் பத்தில் ஒன்று. பத்து மடங்கு வேகம்! எந்த அளவு அட்டவணைக்கும் இது பொருந்தும் என்று கட்டுரையில் எழுதியிருந்தோம்.

நிரூபணத்தில் எண்ணே வராது, எழுத்துகள்தான். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் நாலையும் ஆறையும் போட்டுத்தான் பார்த்தோம். கடைசியில், சும்மா ஓர் அலங்காரத்துக்காக, நான் ஏழைப் போட்டு ஓட்டினேன். விடை பிழைத்தது. என் புரோகிராமில்தான் கோளாறு என்று ஒரு கிழமை, ஏழு நாளும், தேடினேன். கோளாறு அங்கே இல்லை. ஏழு வரிசையை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏழாவதுக்குச் சோடி கிடையாது. நிரூபணம் சத்தமில்லாமல் ஆறாவதை மறுபடி பிடித்து ஏழாவதோடு சேர்த்துவிட்டது. ஆறாவது வரிசை முழுக்க இரண்டு தடவை எண்ணப்படுகிறது, ஆறாவது நிரலும் அப்படியே. விடையும் பிழை, முக்கால் என்ற கணக்கும் பிழை. அந்தப் பகுதியை எழுதியவர் கிளீட்டஸ். சரி என்று தலையாட்டியவள் நான்.

தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த இருவர் மலையாளத்தில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு விளங்கிய வரை, "அங்கே இருந்தால் இங்கே இருக்கத் தோன்றுகிறது, இங்கே வந்தால் நாலாம் நாளே எப்போது கிளம்பலாம் என்றிருக்கிறது" என்று ஒருவர். "உனக்கு எங்கேயும் இருக்கத் தெரியாது" என்று மற்றவர். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா கடற்கரையில் மீன் கூடைகளுக்கு நடுவே நின்றார். கிளீட்டஸின் அக்கா, மீன் வியாபாரம். நான் பெயர் சொன்னதும் அவருக்குச் சந்தேகம்.

"நீங்களா? ஃபிளெக்ஸுல இருக்கது வெள்ளக்காரில்லா?"

"அது நான் இல்லை. நான் தமிழ்தான்."

"அதான பாத்தேன், கொள்ளாம்!" சிரித்தார். உடனே முகம் மாறியது. "அவன் வீட்டுல இல்ல. வள்ளத்துல போயிருக்கான்."

"கடலுக்கா?"

"ரெண்டாழ்ச்சையா டெய்லி. எங்க பெரியப்பா மவனுக்க வள்ளம். காலேஜுல லீவுன்னு சொல்லுதான். காரணம் கேட்டா வாயத் தொறக்க மாட்டான். எனக்கு ஒரே வெப்ராளம், மனசு கெடந்து பதறுது. வேலயில இருந்து நிறுத்திட்டாங்களோன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியுமா?"

கிளீட்டஸ் சின்ன வயதிலேயே படிப்புக்காகக் கடலை விட்டவர். நோர்வேயில் எங்கள் துறைப் படகுப் பயணத்தின்போது வாந்தி எடுத்தவர் அவர் ஒருவர்தான். அவரா வலை இழுக்கிறார்?

ஸ்டெல்லா என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் வைத்தார். எங்கள் ஊரில் மரவள்ளி என்போம். குழம்பில் தேங்காயும் புளியும் சேர்ந்த அந்த வாசனை நான் பத்து வயதில் விட்டு வந்த ஊருடையது. நோர்வேயில் மீனை எலுமிச்சையும் வெண்ணெயும் போட்டு வைப்பார்கள். மரியாதையான மீன், ஆனால் ஒன்றும் பேசாது. நின்றுகொண்டே தின்றேன். உட்காருங்க என்று மூன்று தடவை சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

வள்ளம் வந்ததும் கடற்கரைக்கு ஓடினேன். முகம் கறுத்து, உதடு வெடித்து, லுங்கியை மடித்துக் கட்டியபடி கிளீட்டஸ் இறங்கினார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். பிறகு வலையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் நடக்கத் தொடங்கினார். பின்னாலேயே போனேன்.

நோர்வேயில் நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவர் தமிழ் எனக்கு விளங்காதென்று அவரும், என் தமிழ் அவருக்கு விளங்காதென்று நானும் நினைத்திருந்தோம். இப்போது கோபத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"எனக்கு எல்லாம் தெரியும், கிளீட்டஸ். ஆறாவது வரிசை. நான் ஒரு கிழமையா என்ர புரோகிராமில பிழை தேடினனான். உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் வலையைக் கீழே போட்டார்.

"ஃபிளெக்ஸு வச்ச அன்னைக்குச் சாயங்காலம்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்ல? எளுதி எளுதி அழிச்சேன். காலைல பயலுவ மாலை போட்டாங்க. பிரின்சிபால் வேலைய நிரந்தரமாக்க எளுதுதேன்னு சொல்லியாச்சு. வீட்டுக்கு வந்து உக்காந்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கலாமேன்னு அஞ்சு போட்டுப் பாத்தேன். அஞ்சு வரிச. அவ்வளவுதான். விடை தப்பிப்போச்சு. கடல்ல போனா போன் எடுக்காண்டாம்லா."

பின்னால் ஸ்டெல்லா வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை.

"ஏலே, இதுக்கா? ஒரு வரிசய ரெண்டு தடவ எண்ணினதுக்கா என்னய இத்தன நாளு தீத் தின்ன வச்ச? ரெண்டாவது எண்ணினதக் கழிச்சிரு."

"கழிக்கதுக்கும் அவ்வளவு வேல ஆவும், அக்கா. அப்புறம் வேகம் எங்க?"

"அப்பம் வேகம் இல்லன்னு சொல்லு. அதுக்குக் கடல்ல போவணுமா?" கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

இனி எழுதப் போவது எனக்குப் பெருமையானது அல்ல.

நான் பிழையைச் சொல்ல மட்டும் வரவில்லை. என் வேலை ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்கள் இந்தக் கட்டுரைக்காகத்தான் காத்திருந்தார்கள். விமானத்திலேயே ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன். "எந்த அளவு அட்டவணைக்கும்" என்ற இடத்தில் "பொருத்தமான அளவுள்ள அட்டவணைகளுக்கு" என்று மாற்றிவிடுவது. பொய் இல்லை. இரட்டை எண்கள் பொருத்தமானவைதானே? யாரும் நின்று கேட்கப்போவதில்லை. இதற்குக் கிளீட்டஸின் சம்மதம் வேண்டும். அதற்குத்தான் அத்தனை தூரம் வந்தேன்.

சொன்னேன். அவர் மணலையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பொருத்தமானது எதுன்னு சொல்லணும்லா?"

"சொல்லாமலும் விடலாம்."

"யாராவது ஒருத்தன் நம்பி, ஏளு போட்டு ஓட்டினா?"

"மொத்தம் பத்துப் பேர் வாசிப்பினம்."

"அந்தப் பத்துல ஒருத்தன் உங்கள மாதிரி ஒரு ஆழ்ச்ச தனக்க புரோகிராமுல தப்பத் தேடிட்டுக் கெடப்பான்." தலையை ஆட்டினார். "வேண்டாம், மைதிலி. நான் ஓடி ஒளிஞ்சவன், ஒத்துக்கிடுதேன். ஆனா இது என்னால ஆவாது."

ஒளிந்தவரைப் பிடிக்க வந்தவள் நான். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. வெறும் மணலில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன். "சரி, வாங்கோ. முக்காலைக் காப்பாற்ற ஏலுமோ எண்டு பாப்பம்" என்றேன்.

அடுத்த மூன்று நாளும் ஸ்டெல்லாவின் முன்னறைதான். தரையெல்லாம் காகிதம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. மின்விசிறி ஓடினால் காகிதம் பறக்கும், நின்றால் வியர்வை சொட்டி மை கரையும். ஏழாவது வரிசையை முந்தின இரண்டோடு மூன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். வெற்றுக் குறி ஒன்றைச் சேர்த்து எட்டாக்கினோம். எட்டுக்குரிய வேலை வந்து நாற்பத்தெட்டில் போய் முட்டியது, நாற்பத்தொன்பதில் ஒன்றே ஒன்று மிச்சம். இரண்டாம் நாள் மத்தியானம் கிளீட்டஸ், "கிட்டியாச்சு!" என்று கத்தினார். பத்து நிமிடம் கழித்து அவரே அந்தக் காகிதத்தைச் சுருட்டி எறிந்தார். நான் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "பிள்ளே, நீங்க நடக்கதப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார் ஸ்டெல்லா. நெத்தோலி வறுத்து, வறுத்த கையோடு எங்கள் கையில் வைத்துவிட்டுப் போவார்.

உண்மையில் விடை முதல் நாளே தெரியும். ஏழாவது வரிசையையும் ஏழாவது நிரலையும் தனியே விட்டுவிடவேண்டும். அந்தப் பதின்மூன்று கட்டத்துக்கும் முழு வேலை. மீதி முப்பத்தாறுக்கு முக்கால், அதாவது இருபத்தேழு. மொத்தம் நாற்பது. எட்டு இடத்துக்குப் பத்து மடங்கு அல்ல, ஐந்து மடங்கு வேகம். அட்டவணை பெரிதாகப் பெரிதாக வித்தியாசம் சுருங்கும். மூர்க்க வழியை அது இன்னமும் வெல்கிறது. ஆனால் நாங்கள் அறிவித்தது அது அல்ல. தெரிந்த விடையை ஒப்புக்கொள்ளத்தான் மூன்று நாள் பிடித்தது.

நாலாம் நாள் கருங்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மாநாட்டுக் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினோம். பிழை இன்னது, சரியானது இன்னது, முடிவு உங்களுடையது. கிளீட்டஸ் "என் பிழை" என்று எழுதினார். நான் அதை "எங்கள் பிழை" என்று மாற்றினேன். அவர் மறுபடி மாற்றினார். அதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் முழங்கித் திரும்பி வந்தபோது "எங்கள்" என்று இருந்த பிரதிதான் மிஞ்சியிருந்தது. அனுப்பிவிட்டோம்.

திரும்புகிற வழியில் கிளீட்டஸ், ஃபிளெக்ஸ் வைத்தவர்களிடம் அதைக் கழற்றச் சொன்னார். "கணக்கு தப்பிப்போச்சு, மக்கா." அவர்கள் விழித்தார்கள். "கணக்குதான தப்பு? நீங்க தப்பு இல்லைல்லா? கொடை முடியட்டும் அண்ணே" என்றார்கள். அவரே ஏணி கேட்டு வாங்கி ஏறிக் கயிற்றை அறுத்தார். வெள்ளைக்காரி தலைகீழாகச் சரிந்து விழுந்தாள்.

பதில் மறுநாளே வந்தது. நான்கு வரி. நேர்மைக்கு நன்றி. முக்கியக் கூற்றே மாறியிருப்பதால் மறுபடி பரிசீலிக்க நேரமில்லை. கட்டுரையை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறோம். சரிசெய்து வேறோர் இடத்துக்கு அனுப்புங்கள்.

அனுப்பினோம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு சிறிய இதழில், சிறிய தலைப்போடு வந்தது. என் ஒப்பந்தம் நீளவில்லை. இப்போது நான் ஒரு கப்பல் நிறுவனத்துக்குப் புரோகிராம் எழுதுகிறேன். கிளீட்டஸின் வேலை அந்த வருடம் நிரந்தரமாகவில்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. மூன்றாம் வருடம் ஆனது. "பொருத்தமான" என்ற சொல்லை இன்றைக்கும் என்னால் கூசாமல் எழுத முடிவதில்லை.

இதெல்லாம் பின்னால். அன்று பதிலைப் படித்ததும் கிளீட்டஸ் கல்லூரிக்கு நடந்தார். நானும் பெட்டியோடு கூடவே போனேன். எனக்கு மத்தியானம் பஸ். முதல்வரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கிளீட்டஸ் வெளியே வந்தபோது முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"என்ன சொன்னவர்?"

"எல்லாங் கேட்டாரு. பொறவு, ரெண்டாவது பீரியடு உனக்க கிளாசுதான, மூணு ஆழ்ச்சையா ஆளில்ல, போன்னாரு."

வகுப்புக்குப் போனார். நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். நாற்பது பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள். அவர் வணக்கம் கூடச் சொல்லவில்லை. சாக்கட்டியை எடுத்து எங்கள் நிரூபணத்தைக் கரும்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பிழையோடு, ஓர் எழுத்து மாறாமல் எழுதினார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"இது நானும் நார்வேயில ஒரு மேடமும் ரெண்டு வருஷமா எளுதினது. பெரிய ஆளுக நாலு பேரு வாசிச்சு சரின்னு சொன்னது. இது தப்பு. எங்கன்னு கண்டுபிடிங்க."

முதலில் சிரிப்பு. பிறகு பெஞ்சுகள் முனகின. யாரோ மூன்றாம் வரி என்றார்கள். இல்லை. யாரோ கடைசி வரி என்றார்கள். இல்லை. ஒருத்தி எழுந்துபோய்ப் பலகையில் நாலு வரிசை போட்டு எல்லாம் சரிவருகிறதே என்றாள். கிளீட்டஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைகள் எல்லாம் நோட்டுக்குள் போய்விட்டன.

என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நகர முடியவில்லை. மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. கிளீட்டஸ் சுவரோரம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகையின் நடுவில், அந்த வரிக்கு நேராகக் கையைக் கொண்டுபோனார்.

"சார்!" என்று நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "சொல்லாதீங்க சார். அழிக்காண்டாம். நாளைக்கு வந்து நாங்களே சொல்லுதோம்."